போலியோ இல்லாத ஊரில் எதற்கு மலப் பரிசோதனை?

மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்விக்கு இது பதில். அவருடைய அக்கா மகனுக்கு ஆறு வயது. வயிற்றுப்போக்கு வந்து ஓய்ந்த பத்தாம் நாள் பையனுக்கு இரண்டு காலும் துவண்டுவிட்டன. ஆஸ்பத்திரியில் ஜிபிஎஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிக் கை காலைத் துவளவைக்கும் குய்லான்-பாரே நோய், என்று சொல்லி உடனே சிகிச்சை தொடங்கினார்கள், பையன் தேறி வருகிறான். ஆனால் சேர்த்த மறுநாளே மாநகராட்சியிலிருந்து இருவர் வந்து, ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை மலம் வேண்டும் என்று டப்பா கொடுத்துப் போயிருக்கிறார்கள். தம்பி கேட்பது இரண்டு. "பெரிய டாக்டரே ஜிபிஎஸ் என்று சொன்ன பிறகு போலியோ என்று ஏன் சந்தேகப்படுகிறார்கள்?" இது ஒன்று. "2014-லேயே நம் பிராந்தியத்தில் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தாயிற்று. அது இன்றைக்கும் செல்லும் என்று யார், எதை வைத்துச் சொல்கிறார்கள்?" இது இன்னொன்று.

தம்பி, முதலில் அக்காவுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை. உங்கள் மருமகனுக்குப் போலியோ என்று யாரும் சந்தேகப்படவில்லை. பதினைந்து வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் கையோ காலோ திடீரென்று துவண்டால், காரணம் என்னவென்று டாக்டருக்குத் தெளிவாகத் தெரிந்தாலும், அதை அறிவித்து மலம் எடுத்து அனுப்பியே ஆக வேண்டும் என்பது விதி. இதை நாங்கள் ஏஎஃப்பி கேஸ் என்போம். திடீர்த் தளர்வாதம் என்று தமிழில் சொல்லலாம். மும்பையில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவள் என்பதால், இந்த விதி ஏன் இப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவில் காட்டு வைரஸால், அதாவது சொட்டு மருந்திலிருந்து வராமல் இயற்கையாகப் பரவும் வைரஸால், வந்த கடைசிப் போலியோ கேஸ் 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. 2009-ல் நம் நாட்டில் 741 பிள்ளைகள் முடங்கினார்கள். 2010-ல் 42, 2011-ல் அந்த ஒன்று, அதன் பிறகு பூஜ்யம். மூன்று வருடம் பூஜ்யமாகவே நின்றதால் 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் முழுவதற்கும், அன்றைக்கு அதிலிருந்த 11 நாடுகளுக்கும் சேர்த்து, சான்று கிடைத்தது. வெறும் பூஜ்யத்தை யாரும் சான்றாக ஏற்றுக்கொள்வதில்லை. எங்கும் தேடாமல் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் பூஜ்யம்தான் வரும். குளத்தில் விரால் இல்லை என்று ஒருவர் சொன்னால், "வலை போட்டுப் பார்த்தீரா? கெண்டையும் கெளுத்தியும் சிக்கியதா?" என்றுதானே திருப்பிக் கேட்போம்? மற்ற மீனெல்லாம் சிக்கி விரால் மட்டும் சிக்காமல் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு. உங்கள் மருமகன் அந்தக் கெண்டை. போலியோ அல்லாத கேஸ்கள் வலையில் விழுந்துகொண்டே இருப்பதுதான் போலியோ இல்லை என்பதற்குச் சாட்சி.

இதில் ஒரு வசதி உண்டு. போலியோ முற்றாக ஒழிந்த நாட்டிலும் பிள்ளைகளுக்குத் தளர்வாதம் வந்துகொண்டுதான் இருக்கும். ஜிபிஎஸ் வரும், முதுகுத்தண்டு அழற்சி வரும், பிட்டத்தில் தவறான இடத்தில் ஊசி குத்தி நரம்பு அடிபட்டும் வரும். பதினைந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு வருடத்துக்குக் குறைந்தது ஒன்றாவது இப்படித் தென்படும் என்பது, வட, தென் அமெரிக்க நாடுகளில் சிரோ டி குவாட்ரோஸ் என்ற பிரேசில் நாட்டு மருத்துவரின் தலைமையில் 1980-களில் இந்த முறையை நடத்தியபோது கிடைத்த அனுபவம். அங்கே கடைசிக் கேஸ் 1991-ல் பெருவில். அந்த "லட்சத்துக்கு ஒன்று" உலகமெங்கும் முதல் அளவுகோல் ஆனது. இந்தியாவில் நாம் வைத்துக்கொண்டது லட்சத்துக்கு இரண்டு. ஒரு மாவட்டத்தில் பத்து லட்சம் பிள்ளைகள் இருந்து, வருடம் முழுக்க மூன்றே ஏஎஃப்பி கேஸ் வந்திருந்தால், அந்த மாவட்டத்தின் பூஜ்யத்தை நம்ப முடியாது. அங்கே பிள்ளைகளுக்குக் கால் துவளாமல் இருந்திருக்காது. துவண்டதை யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

இத்தனை நுணுக்கமாகத் தேடுவதற்குக் காரணம் வைரஸின் சுபாவம். போலியோ தொற்றிய இருநூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. ஓடி ஆடிக்கொண்டே மலத்தில் வாரக்கணக்கில் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு கேஸைத் தவறவிட்டால் அதன் பின்னால் இருக்கும் இருநூறு தொற்றுகளையும் சேர்த்துத் தவறவிட்டதாக ஆகும்.

அடுத்தது மலம். இதைக் கேட்கும்போது ஜனங்களுக்கு வரும் அருவருப்பும் கோபமும் எனக்குப் பழக்கம். தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில், நெல்லைப் பக்கத்து அம்மா ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏன் டாக்டரம்மா, பிள்ளைக்குக் காலு விளங்கல, நீங்க பீயப் போயி கேக்கியளே?" நியாயமான கேள்வி. தரையில் உட்கார்ந்து சொன்னேன்: வைரஸ் காலில் இருக்காது அம்மா, குடலில்தான் இருக்கும். முதல் இரண்டு வாரம்தான் அது அதிகமாக வெளியே வரும், அதுவும் தினமும் ஒரே அளவில் வராது. அதனால்தான் கால் துவண்ட நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள், குறைந்தது இருபத்துநாலு மணி நேர இடைவெளியில், இரண்டு முறை கேட்கிறோம். ஒவ்வொரு முறையும் எட்டு கிராம், பெரியவர் கட்டைவிரல் அளவு. மறுநாள் காலை போனபோது அந்த அம்மா டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, எவர்சில்வர் தூக்குச்சட்டியில் ஐஸ் போட்டு அதற்குள் வைத்திருந்தார். பக்கத்து மீன்காரரிடம் கேட்டு வாங்கிய ஐஸ். என் பயிற்சி வகுப்புகளில் பல வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஐஸ்தான் உயிர்நாடி. தடுப்பு மருந்து ஊசி போடும் இடத்துக்குக் குளிரில் போவதுபோல, மலம் குளிரிலேயே ஆய்வகத்துக்குத் திரும்பி வர வேண்டும். மூன்று நாளுக்குள் சேர வேண்டும். திறக்கும்போது உள்ளே ஐஸ் இருக்க வேண்டும், ஒழுகியிருக்கக் கூடாது, காய்ந்திருக்கக் கூடாது, சீட்டில் பெயரும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் அது "போதுமான மாதிரி". வருகிற கேஸ்களில் நூற்றுக்கு எண்பதிலாவது இது அமைய வேண்டும் என்பது இரண்டாவது அளவுகோல். நூற்றுக்கு நூறு என்று ஒரு மாவட்டம் வருடா வருடம் காட்டினால் நான் சந்தோஷப்பட மாட்டேன், அந்தப் படிவங்களைத்தான் முதலில் எடுப்பேன். நிஜ வாழ்க்கையில் பிள்ளைக்கு மலச்சிக்கல் வரும், குடும்பம் ஊருக்குப் போகும், கூரியர் தாமதமாகும். தேதிகள் எல்லாம் அச்சடித்ததுபோல ஒரே ஒழுங்கில் இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி நிறைய இருக்கிறது.

காகிதத்தில் எதை எழுதினாலும், ஆய்வகத்தில் பொய் நிற்காது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் பிள்ளைகளின் குடலில் போலியோவின் பங்காளி வைரஸ்கள், என்டரோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை, எப்போதும் குடியிருக்கும். மலம் நல்ல நிலையில் வந்து, ஆய்வகமும் ஒழுங்காக வேலை செய்தால், பத்து மாதிரியில் ஒன்றிலாவது அவை தென்பட வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து நூறு மாதிரி வந்து ஒன்றில்கூட எதுவும் வளரவில்லை என்றால், வழியில் எங்கோ ஐஸ் உருகிவிட்டது என்று பொருள். இங்கேயும் சாட்சி சொல்வது போலியோ அல்லாததுதான்.

இவ்வளவும் எண்கள். எண்களை மட்டும் வைத்து ஒரு பிராந்தியத்தை மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். பிராந்திய சராசரியில் இந்தியாவின் ஜனத்தொகை மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். உத்தரப் பிரதேசமும் பீகாரும் லட்சத்துக்கு இரண்டு என்ற இலக்கைப்போல் பல மடங்கு அறிவித்த காலத்தில் முழுப் பிராந்தியமுமே பிரமாதமாகத் தெரிந்தது. அதற்குள் மௌனமாக இருந்த மாவட்டம் கண்ணுக்குத் தெரியாது. எதிர்ப் பக்கத்தில் மாலத்தீவு. அங்கே பிள்ளைகள் மொத்தமே ஏறக்குறைய ஒரு லட்சம்தான். ஒரு வருடம் ஒரு கேஸ் வந்தால் இலக்கு நிறைவேறியது, அடுத்த வருடம் வராவிட்டால் தோல்வி என்று எழுதுவதில் அர்த்தமில்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு: ஒரு பிள்ளைக்குக் கால் துவண்டால் எந்தத் தீவிலிருந்து எத்தனை மணி நேரத்தில் தகவல் வரும், மலம் எந்தப் படகில், எந்த விமானத்தில், எந்த நாட்டு ஆய்வகத்துக்குப் போகும்?

அதனால் இந்தக் கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மதிப்பீட்டுக் குழு ஒன்று வந்தால், மேசையில் எண்களைப் பார்த்து முடித்த கையோடு களத்தில் இறங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், நரம்பியல் பிரிவில், பிசியோதெரபி அறையில் பழைய பதிவேடுகளை வாங்கி வரி வரியாக விரலை ஓட்டுவோம். மருத்துவர்கள் ஏஎஃப்பி என்று எழுதியிருக்க மாட்டார்கள். "இரு கால் பலவீனம்", "நடக்கவில்லை", "ஜிபிஎஸ்?" என்று கேள்விக்குறியோடு இருக்கும். அப்படி ஒரு வரி கண்டால் பெயர், வயது, தேதியைக் குறித்துக்கொண்டு அறிவிக்கப்பட்ட பட்டியலில் தேடுவோம். அதில் இல்லையென்றால் அது தவறிய கேஸ். பத்து வரி கண்டு பத்தும் பட்டியலில் இருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு மனிதர் உண்மையாக உழைக்கிறார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஒரு நர்ஸ் அல்லது பதிவேட்டு குமாஸ்தா. பிசியோதெரபி பதிவேட்டை நான் ஒருபோதும் விட்டதில்லை. ஆஸ்பத்திரியில் சேராமல் போன பிள்ளைகள்கூட ஒருநாள் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

பதிவேடு முடிந்ததும் பணியில் இருக்கும் இளம் மருத்துவரிடம் சாதாரணமாகக் கேட்போம்: "ஐந்து வயதுப் பிள்ளை, நேற்றிலிருந்து ஒரு கால் இழுக்கிறது, போலியோ சொட்டு மருந்து எல்லாம் போட்டாயிற்று. அறிவிப்பீர்களா?" போட்டாயிற்று என்பதால் வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த ஆஸ்பத்திரி வாரா வாரம் தவறாமல் அனுப்பும் "கேஸ் இல்லை" அறிக்கையின் மதிப்பு அந்த நிமிடமே விழுந்துவிடுகிறது. அந்த வாராந்திர பூஜ்ய அறிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். தேடிப் பார்த்தேன், இல்லை என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது சிறிய விஷயமில்லை. ஆனால் தேடாமல் அனுப்பிய பூஜ்யமும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்.

மும்பையில் இன்னொரு சிக்கல். குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் நம் ஜனங்கள் முதலில் போவது சந்து முனை கிளினிக்குக்கு. அப்புறம் எலும்பு கட்டுபவர், எண்ணெய் போட்டு நீவி விடுபவர், ஓதிவிடுபவர். பெரிய ஆஸ்பத்திரி கடைசி. இவர்களை விட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிகளை மட்டும் இணைத்தால் வலையில் பாதி ஓட்டை. இந்தியாவில் 1997-ல் தொடங்கிய கண்காணிப்பு வலை பின்னாளில் பல்லாயிரம் அறிவிப்பு இடங்களாக விரிந்தபோது, பட்டம் இல்லாத வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டது அதனால்தான். தனியார் மருத்துவர்களைச் சேர்ப்பதற்கு நம் தமிழ்நாடே முன்னோடி. 1980-களில் வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் சிஎம்சியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் சகாக்களும் தனியார் ஆஸ்பத்திரிகளிலிருந்து அஞ்சலட்டையில் நோய்த் தகவல் வரவழைத்தார்கள். தகவல் கொடுத்தவர்களுக்கு மாதா மாதம் தொகுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கொடுத்த தகவலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாவிட்டால் மூன்றாவது முறை யாரும் கொடுக்க மாட்டார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய இந்த எளிய பாடத்தை இன்றைக்கும் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

என் கையில் கிட்டத்தட்டத் தவறிப்போன கேஸ் ஒன்று. மூன்று வயதுப் பெண் பிள்ளை. காய்ச்சலுக்கு ஒரு கிளினிக்கில் பிட்டத்தில் ஊசி போட்டிருக்கிறார்கள், மறுநாள் அந்தக் கால் இழுத்தது. "ஊசி போட்ட வலி, சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள், யாருக்கும் அறிவிக்கவில்லை. பாட்டி பயந்துபோய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார், ஊரில் நல்ல வைத்தியர் இருக்கிறார் என்று. நான் வேறு வேலையாக அந்தச் சந்துக்குப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அன்று பதினொன்றாம் நாள். திருநெல்வேலியில் இருந்த எங்கள் சகா ஒருவருக்கு போன் போட்டேன். அவர் பைக்கில் வள்ளியூர் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போய், பன்னிரண்டாம் நாள் ஒன்று, பதின்மூன்றாம் நாள் ஒன்று என்று எடுத்து, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் ஆய்வகத்துக்கு அனுப்பினார். போலியோ இல்லை. ஊசியால் நரம்பு அடிபட்டதுதான். பிள்ளையும் தேறிவிட்டாள். கணக்கேட்டில் அது இரண்டு போதுமான மாதிரியோடு கூடிய நல்ல கேஸ். பக்கத்து வீட்டு அக்கா அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் அது கணக்கிலேயே இருந்திருக்காது என்பதை எந்த எண்ணும் காட்டாது. மும்பைத் தமிழர்கள் உடம்பு முடியாவிட்டால் ஊருக்குப் போகிறவர்கள். எந்த ரயிலில் எந்த ஊருக்குப் போவார்கள் என்று தெரிந்திருப்பதும் கண்காணிப்பில் ஒரு பகுதி.

சரி, வலையில் ஓட்டை இருந்ததா இல்லையா என்று பிற்பாடு தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு, வைரஸே சொல்லிவிடும். போலியோ வைரஸின் மரபணுவில் விபி1 என்ற பகுதியில் சுமார் 900 எழுத்துகள். பரவிக்கொண்டிருக்கும் வைரஸில் அவை வருடத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வீதம், அதாவது சுமார் ஒன்பது எழுத்து, மாறும். கடிகாரம் மாதிரி. ஒரு வைரஸ் கிடைத்ததும் அதன் எழுத்துகளை இதுவரை கிடைத்த எல்லா வைரஸ்களோடும் ஒப்பிட்டால், நெருங்கிய சொந்தம் எது, எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தது என்று தெரியும். நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை "அநாதை வைரஸ்" என்போம். ஒன்றரை வருடம் எங்கோ பிள்ளைக்குப் பிள்ளை பரவியிருக்கிறது, அத்தனை நாளும் நாம் அதைப் பார்க்கவில்லை என்று பொருள். கண்காணிப்பின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் இதைவிட உறுதியானது கிடையாது.

நைஜீரியாவில் நடந்ததைப் பாருங்கள். 2014 ஜூலைக்குப் பிறகு அங்கே கேஸே இல்லை. 2015 செப்டம்பரில் போலியோ நிலைத்திருக்கும் நாடுகள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். ஆப்பிரிக்கா முழுக்கக் கொண்டாடினார்கள். 2016 ஆகஸ்டில் போர்னோ மாநிலத்தில் பிள்ளைகள் முடங்கிய செய்தி வந்தது, அந்த வருடம் மொத்தம் நான்கு. அந்த வைரஸின் நெருங்கிய சொந்தம் அதே போர்னோவில் 2011-ல் கிடைத்தது. ஐந்து வருடம்! நாட்டின் மொத்த எண்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் பிடியில் இருந்த கிராமங்களுக்குள் யாரும் போக முடியவில்லை, அங்கே துவண்ட கால் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆப்பிரிக்கப் பிராந்தியத்துக்குச் சான்று கிடைக்க 2020 ஆகஸ்ட் 25 வரை ஆயிற்று. அது கிடைத்தும் நிம்மதி நிலைக்கவில்லை. 2021 நவம்பரில் மலாவியின் லிலோங்வேயில் ஒரு சிறுமிக்குக் கால் துவண்டது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2019-ல் கிடைத்த வைரஸின் வாரிசு அது. இரண்டு வருடம் எங்கே இருந்தது, எந்த வழியாக வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அடுத்த வருடம் பக்கத்து மொசாம்பிக்கில் எட்டு பிள்ளைகள்.

இந்த இடத்தில்தான் நம் மும்பையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டும். கால் துவளும் வரை காத்திருக்க வேண்டாம், மலம் போய்ச் சேரும் இடத்திலேயே தேடலாம் என்று இந்தியாவில் முதலில் சாக்கடை நீரைப் போலியோவுக்காகத் தொடர்ந்து சோதிக்கத் தொடங்கியது 2001-ல் மும்பையில்தான். தாராவி போன்ற நெருக்கமான பகுதிகளின் கழிவு நீரை எடுத்து, பரேலில் ஹாஃப்கைன் வளாகத்தில் இருந்த என்டரோவைரஸ் ஆய்வு மையத்தில் சோதித்தார்கள். டெல்லி 2010-ல்தான் சேர்ந்தது. மும்பையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், வேலை தேடி உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் குடும்பங்களோடு வைரஸும் வந்துகொண்டிருந்தது. நகரில் ஒரு பிள்ளைகூட முடங்காத மாதங்களிலும் சாக்கடை "இருக்கிறது" என்று சொன்னது. இந்தியாவில் சாக்கடை நீரில் காட்டு வைரஸ் கடைசியாகக் கிடைத்ததும் 2010 நவம்பரில் மும்பையில்தான்.

அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். விடியற்காலையில், ஜனங்கள் கழிப்பறைக்குப் போகும் நேரம் பார்த்து, ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்ட ஒருவர் கயிற்றில் வாளியைக் கட்டி ஓட்டத்தில் இறக்குவார். ஒரு லிட்டர் போதும். பாட்டிலை வெளியே துடைத்து, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து மூடினால் அவர் வேலை முடிந்தது. ஆய்வகத்தில் அதைச் செறிவாக்கி, வைரஸ் வளரக்கூடிய செல்களில் ஊற்றிக் காத்திருப்பார்கள். அதில் ஒன்று எலியின் செல். மனித உடலில் போலியோ வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை அதன் மேல் பொருத்தியிருப்பார்கள். கண்ணாடிக் குடுவையில் அந்தச் செல்கள் உருண்டு, சுருங்கி, உதிரத் தொடங்கினால் ஏதோ வளர்கிறது.

சாக்கடை நீரையும் குருட்டுத்தனமாக நம்பக் கூடாது. எந்த இடத்தில் எடுக்கிறோம், அதற்கு மேலே எத்தனை ஜனங்களின் கழிவு வந்து சேர்கிறது என்பது தெரிய வேண்டும். ஆடி மாத மழையில் மும்பையின் நாலாக்களில், அதாவது பெரிய சாக்கடைகளில், பாதி மழைத் தண்ணீர்தான் ஓடும், வைரஸ் நீர்த்துப் போகும். எடுக்கும் மாதிரிகளில் பாதியிலாவது ஏதாவது ஒரு என்டரோவைரஸ் கிடைக்க வேண்டும் என்பது இதற்கான அளவுகோல். கிடைக்கவில்லையென்றால் இடத்தை மாற்ற வேண்டும். பார்த்தீர்களா, இங்கேயும் அதே பங்காளிகள்தான் சாட்சி! சாக்கடை ஊரைச் சொல்லும், பிள்ளையைச் சொல்லாது. பிள்ளையைக் கண்டுபிடிக்க ஏஎஃப்பி வேண்டும். ஆனால் தடுப்பூசி நன்றாகப் போட்டிருக்கும் ஊரில் ஏஎஃப்பி மட்டும் இருந்தால் ஒன்றுமே தெரியாமல் போகலாம். 2013-ல் இஸ்ரேலின் ராஹத் நகரச் சாக்கடையில் காட்டு வைரஸ் மாதக்கணக்கில் கிடைத்தது, ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. 2024 ஜூலையில் காசாவில் சாக்கடை நீர் முதலில் சொன்னது, பத்து மாதக் குழந்தை ஒன்று முடங்கியது போலியோவால் என்று ஆகஸ்டில்தான் உறுதியானது.

காசாவில் கிடைத்தது காட்டு வைரஸ் இல்லை, சொட்டு மருந்து வைரஸ் தடுப்பூசி குறைவான இடத்தில் நீண்ட நாள் பரவி உருமாறியது. இதைச் சொன்னால் சிலர் சொட்டு மருந்தே வேண்டாம் என்று கிளம்புவார்கள், அது தப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டால் உருமாறுவதற்கு அதற்கு இடமே கிடைக்காது. 2016-ல் ஹைதராபாத்தில் சாக்கடை நீரில் இரண்டாம் வகை உருமாறிய வைரஸ் கிடைத்தபோது, ஒரு பிள்ளையும் முடங்கும் முன்பே லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடித்தார்கள். நல்ல கண்காணிப்பு என்றால் இதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேராக வருகிறேன். ஒவ்வொரு நாட்டிலும் அரசைச் சாராத வல்லுநர்கள் கொண்ட ஒரு தேசியக் குழு இருக்கிறது. அவை அறிக்கை கொடுக்க, பிராந்தியச் சான்றுக் குழு அவற்றை எல்லாம் பரிசீலிக்கிறது. 2014-க்குப் பிறகும் அது நிற்கவில்லை. மேலே சொன்ன அத்தனையும் மேசைக்கு வரும். எங்கே கேஸ் குறைகிறது, எங்கே மலம் தாமதமாகிறது, எந்த மாவட்டம் மௌனமாகிவிட்டது, எங்கே தடுப்பூசி இறங்குகிறது என்று பார்த்து அபாயத்தைக் கணிப்பார்கள். பாகிஸ்தானில் 2023-ல் 6 ஆக இருந்த காட்டு வைரஸ் கேஸ் 2024-ல் 74 ஆனது, ஆப்கானிஸ்தானில் அதே காலத்தில் 6-லிருந்து 25. அங்கிருந்து மலாவி வரை போன வைரஸுக்கு மும்பை தூரமில்லை.

என் கவலை வேறு இடத்தில். போலியோவை நேரில் பார்த்த டாக்டர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்குக் குழந்தைகள் வார்டில் இருக்கும் இளம் மருத்துவர் வாழ்நாளில் ஒரு போலியோ கேஸ் பார்த்திருக்க மாட்டார். அது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் ஜிபிஎஸ் என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்குப் படிவம் நிரப்புவது அவருக்கு வீண்வேலையாகத் தோன்றும். 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க ஏஎஃப்பி அறிவிப்பு சரிந்தது. அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குக் கால் துவளாமல் இல்லை. மதிப்பீட்டுக்குப் போகும் இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எண் இலக்கைத் தொட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள், தொடாமல் போன நான்கு சந்துகளுக்குள் நடந்து பாருங்கள்.

உங்கள் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது மாதிரி இன்னும் கொடுக்கவில்லையென்றால், பதினான்கு நாள் தாண்டும் முன் கொடுத்துவிடுங்கள். மலம் வரவில்லையென்று எனிமா எதுவும் கொடுக்க வேண்டாம், வந்தவரிடம் சொல்லுங்கள், மறுநாள் வருவார்கள். முடிவு வரச் சில வாரம் ஆகும், வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போட வந்தால் அக்கம்பக்கத்தவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், உங்கள் வீட்டால் வந்த பழி என்று நினைக்க வேண்டாம். மாதிரி தாமதமாகிவிட்டாலோ கெட்டுப்போனாலோ, கால் துவண்ட அறுபதாம் நாளுக்குப் பிறகு ஒருவர் வீடு தேடி வருவார். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் பையனைக் குந்தி உட்காரச் சொல்வார், எழுந்திருக்கச் சொல்வார், குதிகாலில் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்வார், இரண்டு கெண்டைக்காலையும் நாடாவால் அளந்து பார்ப்பார். ஐந்து நிமிட வேலை. அன்றைக்குப் பையனை ஊருக்கு அனுப்பிவிடாமல் வீட்டில் வைத்திருங்கள்.